பெட்டி சேர்க்கத் தொடங்குவோருக்கு

குங்குமச் சிமிழ், வெற்றிலைச் செல்லம், கொட்டப்பெட்டி, மூடற்பெட்டி, சுண்ணாம்புக் கரண்டகம், நகைப்பெட்டி, பெட்டகம் என்று, உள்ளே வைக்கும் பொருளுக்கும் வைக்கும் இடத்துக்கும் ஏற்ப யாழ்ப்பாணத்து வீடுகளில் பெட்டிக்குப் பெட்டி பெயர் மாறும். இவற்றுள் கைக்கடக்கமான, வேலைப்பாடுள்ள, யாரோ ஒருவருடைய நினைவைச் சுமக்கிற பெட்டிகளைச் சேர்க்க விரும்பியும் எங்கிருந்து தொடங்குவது என்று அறியாதிருப்போருக்காக இந்தக் கட்டுரையை எழுதுகிறேன். என் வீட்டில் இன்று நாற்பதுக்குச் சற்றுக் கூடுதலான பெட்டிகள் இருக்கின்றன. அவற்றுள் ஒன்றுகூடக் கண்ணாடி அலுமாரிக்குள் பூட்டிக் கிடக்கவில்லை. எல்லாவற்றுக்கும் வீட்டில் ஏதோ ஒரு வேலை இருக்கிறது. நம்முடைய உப்புக் காற்றுக்கும் மாரிகால ஈரத்துக்கும் ஒரு பெட்டி தாக்குப்பிடிப்பது அது அடிக்கடி திறக்கப்படுவதால்தான் என்பதைப் பல ஆண்டுப் பழக்கத்தில் கண்டிருக்கிறேன். எதை வாங்குவது, எப்படித் துடைப்பது, எங்கே வைப்பது என்பவற்றுக்குக் கீழே நான் கூறும் வழிகள் யாவும் அதையே அடியாகக் கொண்டவை.

முதலில் சொந்த வீட்டைத் தேடுங்கள்

புதிதாகத் தொடங்குவோர் பலர் பணத்தை எடுத்துக்கொண்டு நேரே கடைக்குப் போகிறார்கள். அதற்கு முன்பு ஒரு முழுநாளை ஒதுக்கி, சொந்த வீட்டையும், பெரியவர்கள் சம்மதித்தால் அம்மம்மா, அப்பாச்சி வீடுகளையும் பொறுமையாகத் தேடிப்பாருங்கள். அலுமாரியின் மேற்தட்டு, தையல் மெசினின் லாச்சி, சாமியறை மூலை, குசினிப் பரண், பழைய பெட்டகத்தின் அடி ஆகிய இடங்களில் குறைந்தது இரண்டு மூன்று பெட்டிகளாவது இருக்கும். வெற்றிலை போடும் வழக்கம் குறைந்த வீடுகளில் செல்லமும் கரண்டகமும் யாரும் தொடாமல் கிடக்கும். காசும் பாக்கும் வைத்து மடியில் செருகிக்கொண்டு திரிந்த கொட்டப்பெட்டி, ஓலை மங்கி, ஏதாவது ஒரு சீலை மடிப்புக்குள் இருக்கும். கண்டெடுத்த பெட்டிகளை உடனே வெறுமையாக்கிக் கழுவிவிட வேண்டாம். உள்ளே எது எந்த ஒழுங்கில் இருந்தது என்பதைக் கைத்தொலைபேசியில் ஒரு படம் எடுத்துக்கொண்டு, வீட்டில் மூத்தவரை அருகில் இருத்தி, அவர் சொல்வதை எழுதிக்கொண்ட பிறகுதான் பொருள்களை வெளியே எடுக்க வேண்டும். பெட்டியின் பெறுமதியில் பாதி அந்தப் பேச்சில் இருக்கிறது.

அழகான பெட்டிகளை மட்டும் பொறுக்கி எடுக்கவும் வேண்டாம். என் சேகரிப்பில் நான் முதலாவதாக வைத்து எண்ணுவது, பூப்படம் அச்சிட்ட சதுரமான பழைய பிஸ்கற் பேணி ஒன்றை. 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு போரினால் இடம்பெயர்ந்து வலிகாமத்திலிருந்து தென்மராட்சி நோக்கி எல்லோரும் நடந்தபோது, என் அம்மா காணி உறுதியையும் எங்கள் பிறப்புச் சான்றிதழ்களையும் பரீட்சைப் பெறுபேறுகளையும் அந்தப் பேணிக்குள் வைத்து, மூடியைச் சுற்றி மெழுகுதிரி உருக்கி ஊற்றி, பொலித்தீன் பையால் இரண்டு சுற்றுச் சுற்றித் தோளில் தொங்கவிட்டுக்கொண்டு வந்தார். மூடியின் விளிம்பில் அந்த மெழுகு இன்றும் மஞ்சளாக ஒட்டியிருக்கிறது. நான் அதைச் சுரண்டவில்லை. உங்கள் வீட்டிலும் இப்படியொரு பேணியோ சூட்கேசோ கட்டாயம் இருக்கும். சேகரிப்பை அதிலிருந்து தொடங்குங்கள்.

எதைச் சேர்ப்பதென்று தீர்மானியுங்கள்

கண்ணில் பட்டதையெல்லாம் வாங்கினால் ஒரு வருடத்தில் வீடு நிறைந்துவிடும், ஈடுபாடும் குறைந்துவிடும். பொருளை வைத்தோ (ஓலை, பித்தளை, மரம், தகரம்), பயனை வைத்தோ (வெற்றிலைப் பெட்டிகள், திருநீற்றுப் பெட்டிகள், தையற் பெட்டிகள்), அளவை வைத்தோ ஓர் எல்லையை வகுத்துக்கொள்ளலாம். உள்ளங்கைக்குள் அடங்கும் பெட்டிகளை மட்டும் சேர்ப்பதென்பது சிறிய வீட்டில் இருப்போருக்கு நல்ல தெரிவு. அதனுடன் இன்னொன்றையும் விதியாக வைத்துக்கொள்ளுமாறு நான் கேட்பேன்: வாங்குவதற்கு முன்பே அந்தப் பெட்டிக்குள் எது இருக்கப் போகிறது என்பதைச் சொல்லக்கூடியதாக இருக்க வேண்டும். சொல்ல முடியாவிட்டால் வாங்காமல் திரும்பிவிடுங்கள்.

பனையோலைப் பெட்டியைத் தெரிந்து வாங்குவது

நமது ஊரில் தொடங்குவோருக்குப் பனையோலைப் பெட்டியைவிடப் பொருத்தமான முதற் கொள்வனவு இல்லை. விலை கட்டுக்குள் இருக்கும்; செய்தவரை நேரில் காணலாம்; குறை இருந்தால் அவரிடமே கேட்கலாம். 1978இல் உருவாக்கப்பட்ட பனை அபிவிருத்திச் சபையின் விற்பனை நிலையங்களிலும், திருநெல்வேலி, சுன்னாகம் சந்தைகளிலும், நல்லூர்க் கந்தசுவாமி கோயிலின் 25 நாள் மகோற்சவ காலத்தில் சுற்றுவீதிகளில் போடப்படும் கடைகளிலும் இவற்றைப் பார்க்கலாம். எனினும் ஒருமுறையாவது பெட்டி இழைப்பவரின் வீட்டு விறாந்தையில் போயிருந்து வாங்கிப் பாருங்கள். குருத்தோலையை வெட்டி, உலர்த்தி, ஈர்க்கை நீக்கி, ஒரே அகலத்தில் வார்ந்து, கொதிக்கும் சாய நீரில் அவித்து, நிழலில் காயவைத்து, அதன் பிறகே இழைக்கத் தொடங்குகிறார்கள் என்பதைக் கண்ணால் கண்டவர், விலையைக் குறைத்துக் கேட்க மாட்டார்.

நல்ல பெட்டியை எப்படி அறிவது என்பதைப் பருத்தித்துறைப் பக்கத்தில் பெட்டி இழைக்கும் ஓர் அம்மாவிடம் கற்றேன். நான் பெட்டியைத் தலைகீழாகப் புரட்டி அடியை ஆராய்ந்துகொண்டிருந்தபோது அவர் சொன்னார்: “தம்பி, அதை விட்டிட்டு மூடியை மட்டும் பிடிச்சுத் தூக்குங்கோ. பெட்டியும் கூட வரவேணும். வந்து, பிறகு தன்ரபாட்டிலை இறங்கவேணும்.” தூக்கினேன். பெட்டி மூடியோடு ஒரு சாண் உயரம் எழுந்தது; ஒரு கணம் நின்று, உள்ளிருந்த காற்று மெல்ல வெளியேற, சத்தமில்லாமல் வழுகிப் பாயில் அமர்ந்தது. மூடி தளர்வாக இருந்தால் பெட்டி எழவே எழாது. அதற்குள் எறும்பும் கரப்பானும் இலகுவாகப் புகும். அளவுக்கு மிஞ்சி இறுக்கமாக இருந்தால் இறங்காது. ஒவ்வொரு முறையும் விளிம்பைப் பிடித்து இழுக்க நேர்வதால் ஆறு மாதத்தில் விளிம்போலை கிழியும். வேறெந்தச் சோதனையையும் மறந்தாலும் இதை மறக்க வேண்டாம்.

அதன் பின் விளிம்பைப் பாருங்கள். ஓலையின் நுனிகள் வெட்டியபடி விடப்படாமல் உட்புறமாக மடித்துச் செருகப்பட்டிருக்க வேண்டும். சுவர் இரட்டையாக, அதாவது உள்ளே சாயமிடாத ஓலையும் வெளியே சாயமிட்ட ஓலையுமாக இருந்தால் பெட்டி உருக்குலையாது. ஒரு விரலகலத்துக்குள் எத்தனை இழை வருகிறது என்று எண்ணுங்கள். இழை ஒடுங்க ஒடுங்க வேலை கூடும், விலையும் கூடும், அது நியாயமானதே. வெள்ளைக் கைக்குட்டையின் ஒரு மூலையை நனைத்துச் சிவப்பு அல்லது ஊதா நிறப் பகுதியில் தேய்த்துப் பார்த்து, நிறம் ஒட்டினால் அந்தப் பெட்டிக்குள் துணியோ கடிதமோ வைக்க வேண்டாம். கடைசியாக மூடியைத் திறந்து மணந்து பாருங்கள். காய்ந்த ஓலைக்கென்று இனிமையான ஒரு வாசம் உண்டு. பூஞ்சண வாடை வந்தால் ஓலை முழுவதும் காயுமுன் இழைக்கப்பட்டது என்று பொருள்.

பித்தளையும் வெள்ளியும்

பழைய பித்தளைச் செல்லங்களும் சிமிழ்களும் இன்று பெரும்பாலும் நிறுத்து விற்கப்பட்டு உருக்கப்படுகின்றன. பழைய இரும்பு, போத்தல், பித்தளை வாங்குவதற்கு ஊருக்குள் வருபவரிடம் முன்கூட்டியே சொல்லி வைத்தால், உருக்கக் கொடுக்குமுன் உங்களுக்குக் காட்டுவார். காந்தமொன்றைப் பையில் வைத்திருங்கள். பித்தளையில் காந்தம் ஒட்டாது. ஒட்டினால் அது பித்தளை முலாம் பூசிய இரும்பு, கடற்காற்றில் சில வருடங்களில் கறள் பிடிக்கும். பொருத்துகளிலும் கீல்களிலும் பச்சை நிறத் தூள் படிந்திருந்தால் அஞ்ச வேண்டியதில்லை, அதை நீக்கலாம். தகடு வெடித்திருந்தால் விட்டுவிடுங்கள்.

வெள்ளிச் சிமிழ்களுக்கு முத்திரையைப் பார்க்க வேண்டும். 925 என்ற எண் நூற்றுக்கு 92.5 பங்கு வெள்ளி என்பதைக் குறிக்கும். வெளிநாட்டுப் பெட்டிகளில் ஈ.பி.என்.எஸ். என்ற ஆங்கில எழுத்துகள் இருந்தால் அது வெள்ளி முலாம் பூசியது. முலாம் பூசியதும் அழகாக இருக்கலாம், அதை வாங்குவதில் தவறில்லை. வெள்ளி விலை கொடுக்காமல் இருந்தால் போதும். ஐயம் இருந்தால் கஸ்தூரியார் வீதியில் பழக்கமான நகைக்கடை ஒன்றில் உரைத்துப் பார்த்துத் தருவார்கள்.

மரப்பெட்டியும் உளுவும்

மரப்பெட்டியில் முதலில் பாரத்தை உணருங்கள். முதிரை கையில் எடுத்ததும் கனக்கும், துடைத்தால் பொன்னிற மினுக்கம் தரும். கருங்காலி அதைவிடக் கனம். தேக்கு எண்ணெய்ப் பிடிப்போடு மிதமான பாரத்தில் இருக்கும். வேம்பு எளிமையானது, ஆனால் பூச்சிகள் அதை அதிகம் விரும்புவதில்லை. மூலைகளில் ஆணி அடித்திருக்கிறதா, பல்லுப் பல்லாக வெட்டிப் பொருத்தியிருக்கிறதா என்று பாருங்கள். பல்லு வெட்டிய பெட்டி மரம் சுருங்கினாலும் கழன்று போகாது. மூடியைத் திறந்துவிட்டு, கையை எடுத்துப் பார்த்து, அது ஒரு பக்கமாகச் சரிந்தால் கீலில் கோளாறு. அது திருத்தக்கூடிய குறைதான் என்பதால் விலை பேசும்போது சொல்லலாம்.

மரப்பெட்டியில் உண்மையில் பயப்பட வேண்டியது உளு, அதாவது மரத்தைத் துளைக்கும் பூச்சி. குண்டூசித் தலையளவு துளைகள் இருப்பதால் மட்டும் பெட்டியை ஒதுக்கிவிட வேண்டாம். பூச்சி பல ஆண்டுகளுக்கு முன்பே போயிருக்கலாம். துளையின் வாய் கறுத்திருந்தால் பழையது. வெளிறிப் புதிதாக இருந்தால் எச்சரிக்கையாக இருங்கள். வாங்கி வந்த பெட்டியை மற்றவற்றுடன் சேர்க்காமல், ஒரு கறுப்புத் தாளின் மேல் இரண்டு கிழமை தனியே வையுங்கள். தாளில் மாவு போன்ற தூள் விழுந்தால் உள்ளே பூச்சி உயிரோடு இருக்கிறது. அப்போது பெட்டியைத் தடித்த பொலித்தீனால் காற்றுப் புகாமல் சுற்றி ஒட்டி, வீட்டு உறைபெட்டியில் (சுழியத்துக்குக் கீழே 18 பாகை செல்சியசில்) இரண்டு கிழமை வைத்து, வெளியே எடுத்தபின் ஒரு முழுநாள் பொலித்தீனைப் பிரிக்காமல் விட வேண்டும். அவசரப்பட்டுப் பிரித்தால் குளிர்ந்த மரத்தின் மேல் நீர் துளிர்த்துவிடும். சிப்பி பதித்தவற்றுக்கும், வண்ணமோ அரக்கோ பூசியவற்றுக்கும் இந்த வழி ஆகாது. அப்பெட்டிகளில் உயிருள்ள உளு இருந்தால் தேர்ந்த தச்சரிடம் காட்டுங்கள்.

வெளிநாட்டுப் பெட்டிகளும் வாங்கக் கூடாதவையும்

ஓகஸ்ற் விடுமுறைக்கு இலண்டனிலிருந்தும் பாரிசிலிருந்தும் ரொறன்ரோவிலிருந்தும் வரும் உறவினர் என்ன கொண்டுவர என்று கேட்டால், நான் பழைய சாமான் சந்தைகளில் கிடைக்கும் சிறு பெட்டி ஒன்றைச் சொல்வேன். பிரான்சில் லிமோஜ் நகரப் பீங்கான் பெட்டிகள் புகழ்பெற்றவை. அந்நகரருகே 1768இல் வெண்களிமண் கண்டுபிடிக்கப்பட்ட பின்னரே அங்கு பீங்கான் தொழில் தழைத்தது. கீல் வைத்த சிறு பெட்டியின் அடியில் ஊர்ப் பெயரும், கையால் தீட்டியது என்று பொருள்படும் பிரெஞ்சுச் சொற்களும் எழுதப்பட்டிருக்கின்றனவா என்று பார்க்கச் சொல்லுங்கள். ருசியாவின் பலேக் என்னும் ஊரில் திருவுருவப் படங்கள் வரைந்து வந்த ஓவியர்கள், புரட்சிக்குப் பிறகு அந்தத் தொழில் நின்றுபோனதும், 1924இல் கூட்டாகச் சேர்ந்து காகிதக்கூழ்ப் பெட்டிகளில் கறுப்பு அரக்குப் பூசி நாட்டுப்புறக் கதைகளை வரையத் தொடங்கினார்கள். அந்தப் பெட்டிகள் கையில் எடுத்தால் பாரமே தெரியாது. மலாயாவுக்கு உத்தியோகம் பார்க்கப் போய் ஓய்வூதியத்தோடு திரும்பிய தலைமுறையினரின் வீடுகளில் சீனத்துக் கற்பூரமரப் பெட்டிகளையும் காணலாம். செதுக்கு வேலை நிறைந்த அந்தப் பெட்டியின் வாசமே துணிப் பூச்சிகளை அண்டவிடாது.

சில பெட்டிகள் எவ்வளவு அழகாக இருந்தாலும் வாங்கக் கூடாதவை. யானைத் தந்தம், கடலாமையோடு ஆகியவற்றால் செய்தவை அப்படிப்பட்டவை. கருங்காலிச் சட்டத்தில் முள்ளம்பன்றி முட்களை அடுக்கித் தந்தப் புள்ளிகள் பதித்த பெட்டிகள் 19ஆம் நூற்றாண்டில் காலிப் பகுதியில் ஏராளமாகச் செய்யப்பட்டதால் அவையும் இடையிடையே விலைக்கு வரும். 1937ஆம் ஆண்டின் வனசீவராசிகள், தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் நம் நாட்டிலும், 1975இல் நடைமுறைக்கு வந்த அருகிவரும் உயிரினங்களின் வணிகம் பற்றிய உடன்படிக்கை நாடுகளுக்கிடையேயும் இவற்றைக் கட்டுப்படுத்துகின்றன. பரம்பரையாக வீட்டில் இருப்பதை அங்கேயே பேணுங்கள். வெளிநாட்டிலிருக்கும் பிள்ளைகளுக்குக் கொடுத்தனுப்ப வேண்டாம். மிகப் பழைய பொருள் எதையும் நாட்டுக்கு வெளியே அனுப்புமுன் தொல்லியல் திணைக்களத்திடம் கேட்க வேண்டும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

துடைப்பதும் துலக்குவதும்

குறைவாகச் செய்வதே இங்கு நல்லது. ஓலைப் பெட்டியைச் சற்றே ஈரமான துணியால் துடைத்து நிழலில் உலர்த்தினால் போதும். வார்னிஷ் பூசினால் ஓலை முறுகி, மடிப்புகளில் வெடிக்கும். முழுப் பித்தளைப் பெட்டியைப் புளியால் தேய்த்து, நன்றாகக் கழுவி, உடனே துணியால் ஈரம் போக்கி, சிறிது நேரம் வெய்யிலில் வைக்கலாம். மரத்தில் பதித்த பித்தளைப் பூணுக்கும் பூட்டுக்கும் புளி ஆகவே ஆகாது. புளித்தண்ணீர் மரத்துக்குள் ஊறிக் கறுப்புக் கறை விடும். அதை நீக்க வழியில்லை. அங்கே உலர்ந்த மென்துணியே போதும். வேலைப்பாட்டின் பள்ளங்களில் படிந்த கருமையை முழுவதும் போக்கிவிட வேண்டாம், அந்தக் கருமையால்தான் கொடியும் பூவும் எடுப்பாகத் தெரிகின்றன. தகரப்பேணியின் கறளை உலர்ந்த துணியால் துடைத்து, மிக மெல்லியதாகத் தேங்காயெண்ணெய் தடவலாம் என்று சிலர் சொல்வார்கள். தேங்காயெண்ணெய் சில மாதத்தில் சிக்கு நாறும், எறும்பையும் அழைக்கும். தையல் மெசின் எண்ணெயில் ஒரு துளி எடுத்துக் கறள் பட்ட இடத்தில் மட்டும் தடவுங்கள்.

வேலை கொடுங்கள்

இனி ஒவ்வொரு பெட்டியையும் வீட்டில் அதற்குரிய இடத்தில் அமர்த்த வேண்டும். கடதாசிக்குத் தகரம், துணிக்கு மரம், அன்றாடச் சில்லறைக்கு ஓலை என்பது நான் கைக்கொள்ளும் பொதுவான ஒழுங்கு. மரம் மெல்லிய அமிலப் புகையை விடுவதால் அதற்குள் நெடுங்காலம் வைக்கப்படும் தாள் பழுப்பேறும். உட்புறம் கறள் இல்லாத தகரப்பேணியில் அந்தத் தொல்லை இல்லை. எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் வெளிநாட்டிலிருந்து வந்த நீலநிற வான்கடிதங்கள் உங்களிடம் இருந்தால், குண்டூசி, கிளிப், றப்பர் வளையம் எல்லாவற்றையும் அகற்றி, மடிப்பை நீவி, ஆண்டு வாரியாகத் துணி நாடாவால் தளர்வாகக் கட்டிப் பேணியில் வையுங்கள். கிளிப் கறளாகும், றப்பர் உருகித் தாளோடு ஒட்டிக்கொள்ளும், அருகில் வெள்ளிப் பொருள் இருந்தால் அதையும் கறுக்கவைக்கும்.

வாசலருகே இருக்கும் சிறு மேசையில் மூடியில்லாத ஓலைத் தட்டையோ தாழ்ந்த பெட்டியையோ வைத்துத் திறப்புக் கோர்வைகளை அதில் போடப் பழகினால், வெளிக்கிடும் நேரத்தில் வீடு முழுக்கத் திறப்புத் தேடும் வேலை நின்றுவிடும். ஊசி, நூல், சட்டைத் தெறி ஆகியவற்றுக்கு வட்டப் பிஸ்கற் பேணி எந்த வீட்டிலும் ஏற்கெனவே பழகிப்போனது. சாமியறையில் திருநீற்றைக் குட்டான் என்னும் சிறு ஓலைப் பெட்டியிலும், குங்குமத்தை மரச் சிமிழிலும், கற்பூரத்தை இறுக மூடும் பித்தளைப் பெட்டியிலும் வைக்கலாம். கற்பூரம் காற்றுப் பட்டால் கரைந்து போகும் என்பதால் அதற்கு மட்டும் மூடி இறுக்கமாக இருப்பது நல்லது. சாயமிடாத புதிய மூடற்பெட்டியில் வாழையிலை விரித்துப் பயற்றம் பணியாரமோ முறுக்கோ வைத்து விருந்தினருக்குக் கொடுத்தால், அதற்கு ஈடாகும் பிளாஸ்ரிக் பெட்டி எதுவும் இல்லை. பழைய பித்தளைப் பெட்டியில் உள்ளே வெள்ளீயப் பூச்சு இல்லாவிட்டால் புளிப்புள்ள உணவு எதையும் வைக்க வேண்டாம். பழைய காலத்து வண்ணப் பேணிகளின் பூச்சில் ஈயம் கலந்திருக்கக்கூடும் என்பதால், வாயில் வைக்கும் வயதுப் பிள்ளைகளுக்கு அவற்றை விளையாடக் கொடுக்கவும் கூடாது.

பிள்ளைக்கென ஒரு பெட்டி தொடங்குவது, சேகரிப்பு எதுவும் இல்லாத வீட்டுக்கும் நான் பரிந்துரைக்கும் காரியம். ஆஸ்பத்திரியில் கையில் கட்டிய பெயர்ப்பட்டி, முதற் சட்டை, முதற் பல் முளைத்ததும் செய்யும் பல்லுக்கொழுக்கட்டைச் சடங்கன்று தட்டத்தில் பரப்பிய பொருள்களுள் பிள்ளை எட்டி எடுத்த அந்த ஒன்று ஆகியவற்றை ஒரு மூடற்பெட்டியில் வைக்கலாம். என் மகள் எடுத்தது ஒரு பேனை. மை காய்ந்து பல வருடமாகிவிட்டது, பேனை பெட்டிக்குள் இருக்கிறது. பிள்ளையின் உடுப்புகளோடு பூச்சி உருண்டையைப் போட வேண்டாம். நப்தலின் உருண்டையின் ஆவி, சில குழந்தைகளுக்கு இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும் ஆபத்துள்ளது. உலர்ந்த வேப்பிலையை ஒரு சிறு துணிமுடிச்சில் கட்டி வைத்து, மாதம் ஒருமுறை மாற்றினால் போதுமானது.

மாரிகாலத்தில் என்ன செய்வது

சோளகம் வீசும் மாதங்களில் தூசிதான் தொல்லை. ஒரு தூரிகையால் அது தீரும். ஒக்டோபரில் மழை இறங்கியது முதல் வாடைக்காற்று ஓயும் தை மாதம் வரையான காலமே பெட்டிகளுக்குக் கண்டம். மூடிய பெட்டிக்குள் அகப்பட்ட ஈரம் வெளியேற வழியில்லாமல் பூஞ்சணமாகிறது. இதை நான் அறிந்துகொண்ட விதம் வருத்தமானது. ஊதாநிற வெல்வெட் உள்விரிப்போடு ஒரு பெட்டியை வாங்கி, அப்பா அம்மாவின் திருமணப் படங்கள் பதினொன்றை அதில் அடுக்கி, பாதுகாப்பாக இருக்கட்டும் என்று அலுமாரியின் அடித்தட்டில் வைத்து இரண்டு மாரிகாலம் திறக்காமல் விட்டேன். மூன்றாம் வருடம் திறந்தபோது படங்கள் ஒரே கட்டையாக ஒட்டியிருந்தன. படத்தாளின் மேலிருக்கும் ஜெலற்றின் படலம் ஈரத்தில் இளகி, அடுத்த தாளைப் பிடித்துக்கொண்டு காய்ந்திருந்தது. நான் பதறி ஒன்றை உரித்தேன். அம்மாவின் முகம் அடுத்த படத்தின் முதுகோடு போய்விட்டது. உங்களுக்கு இப்படி நேர்ந்தால் ஒன்றையும் உரிக்காமல், அப்படியே கட்டாக எடுத்துச் சென்று அனுபவமுள்ள படப்பிடிப்பாளர் ஒருவரிடம் காட்டுங்கள். மீதிப் படங்களை எனக்கு அப்படித்தான் காப்பாற்றித் தந்தார்கள்.

எனவே மாரிகாலத்தில் மழை விட்டு வெய்யில் எறிக்கும் நாள் பார்த்து, மாதத்துக்கு இருமுறையாவது எல்லாப் பெட்டிகளையும் திறந்து, யன்னலருகே நிழலில் இரண்டு மணிநேரம் விட வேண்டும். நேர்வெய்யில் சாயத்தையும் வெல்வெட்டையும் வெளிறச் செய்யும். படங்களுக்கு இடையே வெள்ளைத் தாள் வைக்க வேண்டும். மருந்துப் போத்தல்களிலும் சப்பாத்துப் பெட்டிகளிலும் வரும் சிலிக்கா பொட்டலங்களை எறியாமல் சேர்த்து, பெட்டிக்கு ஒன்றாகப் போடலாம்; சிறுவர் கைக்கு எட்டாத பெட்டிகளாக அவை இருக்க வேண்டும். கறையானுக்கு அஞ்சுவோர் எந்தப் பெட்டியையும் நிலத்திலோ சுவரோடு ஒட்டியோ வைக்காமல், காலுள்ள பலகையில், சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள். தினமும் திறக்கப்படும் திறப்புப் பெட்டிக்கும் திருநீற்றுக் குட்டானுக்கும் இத்தகைய கவனிப்பு எதுவும் தேவைப்படவில்லை என்பதை முதல் மாரியிலேயே நீங்கள் காண்பீர்கள். நீண்டகாலம் மூடிக் கிடக்கும் பெட்டி எதுவென்று கணக்கெடுத்து, அதற்கு அடிக்கடி எடுக்கும் பொருள் ஒன்றை, ஒரு சோடித் தோட்டையோ மூக்குக்கண்ணாடியையோ, வைக்க இடம் கொடுங்கள்.

ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு தாள்

பத்துப் பெட்டி சேர்ந்தபின் எது யாருடையது என்பது மனத்தில் நிற்காது. உள்ளங்கையளவு வெள்ளைத் தாளில், பென்சிலால், பெட்டியின் பெயர், யாரிடமிருந்து வந்தது, எப்போது வந்தது, முதலில் உள்ளே என்ன இருந்தது, இப்போது என்ன இருக்கிறது ஆகியவற்றை எழுதி அடியில் இடுங்கள். பேனை மை ஈரத்தில் பரவும்; பென்சில் பரவாது. ஒட்டும் நாடாவால் மூடியில் ஒட்ட வேண்டாம், பசை பழுத்து மரத்திலும் ஓலையிலும் கறையாகும். தாளின் படமொன்றைக் கைத்தொலைபேசியிலும் வைத்துக்கொண்டு, உள்ளிருக்கும் பொருள் மாறும்போதெல்லாம் பழையதை அழிக்காமல் கீழே ஒரு வரி சேருங்கள். மாதிரிக்கு என் அம்மம்மாவின் பெட்டிக்குள் இருக்கும் தாளை அப்படியே தருகிறேன்:

முதிரைப் பெட்டி. அம்மம்மாவின் சீதனத்தோடு வந்தது. பூட்டு மாற்றியது, கீல் பழையது. இடப்பக்கம் கள்ளறை உண்டு, அடிப்பலகையின் பின்மூலையை அழுத்தினால் எழும்பும். திறந்தபோது உள்ளே: பாக்குவெட்டி ஒன்று, ஒற்றைத் தோடு, நல்லூர்த் தேரன்று எடுத்த படம் ஒன்று. 2009 ஆவணியில் என்னிடம் வந்தது. 2016 வரை: அம்மாவின் மருந்துத் துண்டுகள். இப்போது: மகளின் வளையல்கள்.